வளர்த்த சேவலை முதன்முறையாக அறுத்துச் சமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடைவைத்த முட்டைகளில் பன்னிரண்டு பொரித்தால் ஏறத்தாழ பாதி சேவலாகத்தான் இருக்கும். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும் என்பதால், மீதமுள்ளவை ஐந்தாறு மாதத்தில் ஒன்றின் கொண்டையை ஒன்று கொத்திக் கிழிக்கத் தொடங்கும்போது, வளர்த்தவர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. கடையில் கொடுக்காமல் வீட்டிலேயே கோழி அடிக்கலாம் என்று முதன்முறையாக இறங்குவோர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை அவசரத்தால் வருபவை. அதனால் கறி கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். கையில் தீனி வாங்கித் தின்ற உயிர் வீணாக வதைபடுவதுதான் என்னை எழுத வைக்கிறது.

முதல் தவறு கத்தியை எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எந்தச் சேவலை அடிப்பது என்று பார்க்காமல், கைக்கு அகப்பட்டதைப் பிடிக்கிறார்கள். நெஞ்செலும்பின் பின்நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். குருத்தெலும்பாக வளைந்தால் இளஞ்சேவல், கல்போல் நின்றால் முற்றியது. காலில் முள் வெறும் மொட்டாக இருந்தால் வறுவலுக்கு ஆகும். விரல் நீளத்துக்கு வளர்ந்து கூராகிவிட்டால் குழம்புக்கும் ரசத்துக்கும்தான் ஆகும். சோர்ந்து நிற்கிற, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிகிற கோழியை "செத்துப்போவதற்கு முன் அறுத்துவிடலாம்" என்று அடிப்பது பெருந்தவறு. அதைத் தனியே அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். குடற்புழு மருந்தோ நுண்ணுயிர்க்கொல்லியோ கொடுத்திருந்தால், எத்தனை நாள் கழித்து உண்ணலாம் என்பதை மருந்துச் சீட்டில் பார்த்து, அந்த நாள் கடந்த பிறகே அறுக்க வேண்டும்.

அறுப்பதற்கு முந்தைய இரவே சேவலைக் கோழி அடைக்கும் கூடையான பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து, தீனியை நிறுத்தி, தண்ணீரை மட்டும் வைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை நெல்லும் சோளமுமாகப் புடைத்திருக்கும், குடலும் நிறைந்திருக்கும், அறுக்கும்போது கத்தி எங்காவது பட்டு, உள்ளே இருந்தது கறியெல்லாம் பரவும். இரவில் பிடிப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. பகலில் தெருவெல்லாம் துரத்திப் பிடித்த சேவல் அடிபட்டு, இறக்கையிலும் தொடையிலும் இரத்தம் கட்டிக்கொள்ளும்; இருட்டில் கூட்டிலிருந்து எடுத்தால் அது அரண்டு ஓடுவதில்லை.

அறுக்கும் நேரத்தில் மழுங்கிய கத்தியும் தயக்கமும் சேர்ந்துவிட்டால் அதைவிடக் கொடுமை வேறில்லை. கத்தியை முந்தின நாளே தீட்டி, நகத்தில் வைத்தால் வழுக்காமல் பிடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒருவர் தனியாகச் செய்வதானால், பழைய சாக்கின் ஒரு மூலையில் தலை நுழையும் அளவு ஓட்டையிட்டுச் சேவலை அதற்குள் தலைகீழாக இறக்கினால், இறக்கை அடங்கி அது அமைதியாகிவிடும். தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் இரு பக்கத்து இரத்தக் குழாய்களும் ஒரே வீச்சில் அறுபட வேண்டும். அதன்பின் உடல் துடிப்பதைக் கண்டு பயந்து கையை விட்டுவிடுகிறார்கள். நினைவு போன பிறகும் தசை துடிக்கும் என்பதை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொண்டால் கை நடுங்காது. இரண்டு மூன்று நிமிடம் இரத்தம் முழுதும் வடியட்டும். அசைவு நின்றதும் கண்ணின் ஓரத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். இமை மூடினால் உயிர் இன்னும் போகவில்லை. இதைப் பார்க்காமல் வெந்நீரில் முக்குவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெந்நீர் என்றதும் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிடுவது அடுத்த பிழை. நான் முதல் சேவலை அப்படித்தான் முக்கினேன். நெஞ்சுத் தோல் வெந்து, இறகைப் பிடித்து இழுத்ததும் தோலோடு கிழிந்து வந்தது. வேண்டிய சூடு 60 முதல் 65 டிகிரி. வெப்பமானி இல்லாதவர்கள், கொதிக்கும் நீர் ஒரு குடத்துக்குச் சாதாரணத் தண்ணீர் ஒரு குடம் என்று வாளியில் கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு கிடைத்துவிடும். காலைப் பிடித்து முக்கி, மேலும் கீழும் அசைத்து, முக்கால் நிமிடத்தில் இறக்கையின் பெரிய இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். அது சுலபமாகக் கழன்றால் போதும், உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். பிடுங்கிய பின் எஞ்சும் மயிரிழைகளைப் போக்கத்தான் மஞ்சள் பூசித் தீயில் வாட்டுகிறோம். அதற்குத் தென்னஞ்சருகோ வைக்கோலோ ஏற்றது. கையில் கிடைத்த பிளாஸ்டிக் பையையும் அச்சிட்ட தாளையும் சேர்த்துக் கொளுத்தினால் அந்தப் புகை அப்படியே தோலில் இறங்கும்.

உள்ளுறுப்புகளை எடுக்கும்போதுதான் பொறுமை முழுதாகத் தேவைப்படுகிறது. முதலில் கழுத்தடித் தோலைக் கீறித் தீனிப்பையைச் சுற்றிலும் விடுவித்துக்கொள்ள வேண்டும். பிறகு மலத்துவாரத்தைச் சுற்றி, குடலில் கத்தி படாமல், ஆழம் இல்லாமல் வெட்ட வேண்டும். ஈரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கரும்பச்சைப் பித்தப்பையை நகத்தால் பிய்க்க முயலாதீர்கள். உடைந்தால் அந்தக் கசப்பு கழுவினாலும் போகாது. ஈரலில் ஒரு சிறு துண்டு போனாலும் பரவாயில்லை என்று சேர்த்து வெட்டி எறிவதே நல்லது. முதுகெலும்பை ஒட்டி, மொச்சைக் கொட்டை வடிவில், வெளிர்மஞ்சள் நிறத்தில் இரண்டு உருண்டைகள் இருப்பதைக் கண்டு கட்டி என்றும் நோய் என்றும் அஞ்சி முழுக் கோழியையும் புதைத்தவர்களை நான் அறிவேன். அவை சேவலின் விரைகள். வளர்ந்த சேவலில் அவை பெரிதாகவே இருக்கும். ஆனால் ஈரல் முழுதும் வெள்ளைப் புள்ளிகள் பரவியிருந்தால் அந்தக் கோழியை உண்ணாமல் ஒதுக்க வேண்டும். வாலின் மேட்டில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எடுக்க மறந்தால் குழம்பில் ஒரு கவிச்சை நிற்கும். குழாயைத் திறந்துவிட்டு அதனடியில் கழுவினால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சமையல் மேடையெங்கும் தெறிக்கும் என்பதால், அகன்ற பாத்திரத்தில் கழுவிவிட்டுக் கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்ப்பது நல்லது. கழிவைக் குழி தோண்டித் தென்னை மரத்தடியில் ஆழமாகப் புதைத்துவிடலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூட அடுப்பில் தோற்றுப்போவதுண்டு. பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் கறிக்கு வருவது. அதன் கணக்கில் இரண்டு வயதுச் சேவலை வேகவைத்தால் பல்லில் ரப்பராக இழுபடும். வயது ஏற ஏறத் தசைநார்கள் உறுதிப்பட்டுவிடுவதால், அவை ஈரமான சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் இளகிக் குழம்புக்குக் கொழகொழப்பைக் கொடுக்கும். அறுத்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும் என்பதையும் பலர் கணக்கில் கொள்வதில்லை. ஒன்று, விறைப்பதற்கு முன்பே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் முழுதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, விறைப்பு விட்ட பிறகு சமைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சமைத்த கறிதான் மிகக் கடினமாக இருக்கும்.

நான் இப்போது செய்வது இதுதான்: கறியை மஞ்சள், உப்பு, தட்டிய சின்ன வெங்காயம், இஞ்சியோடு குக்கரில் வைத்து, இளஞ்சேவலுக்கு நான்கு விசில், முற்றியதற்கு எட்டு விசில், பிறகு தொடைக்கறி எலும்பிலிருந்து விலகுகிறதா என்று குத்திப் பார்த்து, இல்லையென்றால் மேலும் மூன்று. அரைத்த தேங்காயையும் மசாலாவையும் தொடக்கத்திலேயே குக்கரில் போட்டால் அடிபிடித்துவிடும். வெந்த கறியை வாணலிக்கு மாற்றி, நல்லெண்ணெயில் வதக்கிய மசாலாவோடு சேர்த்துக் கொதிக்கவிடும்போது கடைசியில் தேங்காயை ஊற்றுவதே முறை. மென்மையாகட்டும் என்று பப்பாளிக்காயை அள்ளிப் போட்டால் மேற்புறம் கூழாகி உள்ளே கடினமாகவே இருக்கும். பள்ளிபாளையம் வறுவல் செய்ய ஆசைப்படுவோரும் முதலில் இப்படி வேகவைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் மிளகு தட்டிப் போட்டு ரசமாக்கிக்கொள்ளலாம்.