ஒன்ராறியோவில் சொந்தத் தொழில்: கடை பார்க்கப் போவதற்கு முன்

ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு மூன்று குளிர்காலம் கழிந்ததும் நம்மவர்களில் பலருக்கு ஒரே எண்ணம் வந்துவிடும்: எத்தனை நாளைக்கு இன்னொருவருக்கு உழைத்துக் கொடுப்பது, சொந்தமாக ஏதாவது தொடங்கலாமே. நல்ல எண்ணம்தான். ஆனால் அடுத்த கிழமையே மார்க்கம் வீதியில் கடை பார்க்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். அந்தப் பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வதிவிட நிலையைப் பாருங்கள். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்தால் தடை இல்லை. திறந்த வேலை அனுமதி உள்ளவர்களும் பொதுவாகச் சொந்தத் தொழில் செய்யலாம். ஒரே முதலாளியின் பெயர் போட்ட அனுமதியில் வந்தவர்கள் பகுதிநேரமாக ஒரு சின்னத் தொழில் செய்வதும் அனுமதியை மீறுவதாகிவிடும். “கைக்காசுதானே வாங்குகிறேன், யாருக்குத் தெரியப் போகிறது” என்பவர்களுக்கு, அது பிறகு நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் வந்து நிற்கும். படிக்க வந்தவர்கள் தொடங்குவதற்கு முன் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு வேலை பலர் பயப்படுவதைவிடச் சுலபம். உங்கள் முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் பெயர்ப்பதிவே தேவையில்லை. வேறு பெயர் வைப்பதென்றால் மாகாண வணிகப் பதிவேட்டில் இணையத்தில் 60 டொலர் கட்டிப் பதியலாம். 5 வருடத்துக்குச் செல்லும். உணவகம், வீடு திருத்தும் வேலை, வாகனம் ஓட்டப் பழக்குவது போன்றவற்றுக்கு ரொறன்ரோவில் நகரசபை உரிமமும் வேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும் உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும்.

“கம்பனியாகப் பதிந்தால் வரி குறைவு” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வரும் லாபம் முழுவதையும் வீட்டுச் செலவுக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் குறைவு உங்கள் கைக்குப் பெரிதாக வராது. கணக்காளருக்குக் கொடுக்கும் கூலிதான் கூடும். வீட்டுத் தேவைக்கு மேல் லாபம் மிஞ்சத் தொடங்கும்போதோ, வழக்கு வரக்கூடிய தொழில் என்றாலோ அதை யோசிக்கலாம். மாகாணப் பதிவுக்கு 300 டொலர் போகும்.

எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்ராறியோவில் இது 13 வீதம். விற்பனை 30,000 டொலரைத் தாண்டாதவரை வரி எண் எடுப்பது உங்கள் விருப்பம். இந்த 30,000 லாபம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது மொத்த விற்பனை. ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுவதும் பிழை. அடுத்தடுத்து வரும் நான்கு காலாண்டுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் ஜூலையில் அலுவலகம் துப்புரவாக்கும் தொழில் தொடங்குகிறார் என்று வையுங்கள். டிசம்பர் வரை 18,000 டொலர், அடுத்த ஜூன் வரை இன்னொரு 14,000. எந்த ஆண்டிலும் 30,000 வரவில்லை, ஆனால் நான்கு காலாண்டும் சேர்ந்து 32,000. ஜூலை ஒரு மாத அவகாசம். ஓகஸ்ட் முதலாம் தேதியிலிருந்து பில்லில் வரி சேர்க்கத் தொடங்க வேண்டும். ஒரே காலாண்டில் 30,000ஐத் தாண்டினால் அந்த அவகாசமும் இல்லை, தாண்ட வைத்த அந்த விற்பனையிலிருந்தே வரி சேரும். டாக்சி, ஊபர் போன்ற பயணிகள் ஓட்டத்துக்கு இந்த எல்லையே கிடையாது, முதல் ஓட்டத்திலிருந்தே பதிந்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் 1,130 டொலர் தருகிறார். அதில் 130 அரசாங்கத்தின் காசு, உங்கள் கணக்கில் கொஞ்ச நாள் தங்கிப் போகிறது. அதை எடுத்துச் சாமான் வாங்கிவிட்டு, கட்டும் நாள் வரும்போது கடன் அட்டையைத் தேய்ப்பதுதான் பல நல்ல தொழில்களைக் கவிழ்த்தது. கம்பனியாகப் பதிந்திருந்தாலும், கட்டாத எச்.எஸ்.ரி.க்கு இயக்குநரை நேரடியாகப் பிடிக்க வரித் திணைக்களத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. தொழிலுக்கென்று ஒரு வங்கிக் கணக்கு, வரிக்கென்று இன்னொன்று திறவுங்கள். காசு வந்த அன்றே வரிப் பங்கை மாற்றிவிடுங்கள். கூடவே வருமான வரிக்கும் சி.பி.பி. என்ற கனடா ஓய்வூதியத்துக்கும் ஒரு பங்கு. வேலைக்குப் போகும்போது முதலாளி கட்டிய சி.பி.பி.யின் பாதியையும் இனி நீங்களே கட்ட வேண்டும் என்பதை முதல் வருடக் கணக்கு வரும்போதுதான் பலர் அறிகிறார்கள்.

பொருள் அதிகம் வாங்காமல் உழைப்பை விற்கும் தொழிலாக இருந்தால் ‘குயிக் மெத்தட்’ என்ற முறையைப் பற்றிக் கணக்காளரிடம் கேளுங்கள். ஒன்ராறியோவில் சேவைத் தொழிலுக்கு, வரியோடு சேர்ந்து வாங்கிய தொகையில் 8.8 வீதம் கட்டினால் போதும். மேலே சொன்ன 1,130இல் அது 99 டொலர் 44 சதம். மீதி 30 டொலர் சொச்சம் உங்களிடமே நிற்கும். வழக்கமான முறையில் அன்றாடச் செலவில் நீங்கள் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்கலாம், இந்த முறையில் அது மட்டும் முடியாது. கேட்காமல் தாமாகச் சொல்லும் கணக்காளர்கள் குறைவு.

இனிக் கடைக்கு வருவோம். வீட்டு வாடகை போல நினைத்துக் கையெழுத்து வைப்பதுதான் இங்கே ஆபத்து. விளம்பரத்தில் சதுர அடிக்கு 30 டொலர் என்று போட்டிருந்தால் அது வருட வாடகை, அதுவும் அடிப்படை வாடகை மட்டும். அதற்கு மேல் ‘ரி.எம்.ஐ.’ என்று சொத்துவரி, பராமரிப்பு, காப்புறுதிப் பங்கு வரும். அதை 15 டொலர் என்று வைத்தால், 1,000 சதுர அடிக் கடைக்கு வருடம் 45,000, மாதம் 3,750. அதன் மேல் 13 வீத வரியும் சேர்ந்து 4,237 டொலர் 50 சதம். கதவைத் திறக்காத மாதத்துக்கும் இது போகும். ரி.எம்.ஐ. வருடா வருடம் ஏறலாம். வர்த்தகக் கட்டடத்துக்கு வாடகைக் கட்டுப்பாடு இல்லை. ஒப்பந்தம் வேறாகச் சொல்லாவிட்டால், வாடகை 15 நாள் நிலுவையில் நின்றதும் உரிமையாளர் பூட்டை மாற்றலாம். வீட்டுக் குடியிருப்பாளருக்கு இருக்கும் தீர்ப்பாயம் உங்களுக்கு இல்லை.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் தனிப்பட்ட உத்தரவாதம் என்று ஒரு தாள் இருக்கும். கம்பனி பெயரில் கடை எடுத்தாலும் அதில் கையெழுத்திட்டால் 5 வருட வாடகைக்கும் நீங்களும் உங்கள் வீடும் பொறுப்பு. அதை முதல் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று குறைக்கக் கேளுங்கள். உள்ளே திருத்தும் மாதங்களுக்கு வாடகை இல்லாமல் கேளுங்கள். கடையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் உரிமையைக் கட்டாயம் கேளுங்கள். கேட்டால் தருவார்களா என்றால், பல வேளை தருவார்கள். அந்த இடத்தில் உங்கள் தொழில் செய்ய நகரசபையின் நில ஒதுக்கீட்டு விதி அனுமதிக்கிறதா என்பதையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே நகரசபையிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முகவர் “பிரச்சினை இல்லை அண்ணை” என்றால் அது எழுத்தாகாது. வர்த்தக ஒப்பந்தம் பார்க்கும் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வீடு வாங்கும்போது பார்த்த அதே வழக்கறிஞர் இதற்கும் சரிவருவார் என்றில்லை.

ஓடுகிற கடையை வாங்குவதும் ஒரு வழி. விற்பவர் குரலைத் தாழ்த்தி, “கணக்கில் காட்டுவது இவ்வளவு, கையில் வருவது அதைவிட இரண்டு மடங்கு” என்பார். காட்டாத விற்பனைக்கு விலை கொடுக்காதீர்கள். வரித் திணைக்களத்துக்கு அனுப்பிய மூன்று வருட எச்.எஸ்.ரி. படிவங்களைக் கேளுங்கள். அங்கே இருக்கும் எண்ணுக்குத்தான் விலை.

முதலுக்கு நம்மவர்கள் முதலில் போவது சீட்டுக்குத்தான். சாமானும் கருவியும் வாங்கச் சீட்டுக்காசு நல்லது. ஆனால் ஆரம்பத்திலேயே கழிவு விட்டுத் தள்ளி எடுத்த சீட்டின் கட்டுக்காசும் கடை வாடகையும் ஒரே மாதத்தில் வந்து நின்றால் மூச்சு முட்டும். மாகாணம் முழுக்க உள்ள சிறுவணிக மையங்களில் தொழில் திட்டம் எழுத இலவசமாக உதவுகிறார்கள். அங்கே ‘ஸ்டார்ட்டர் கம்பனி பிளஸ்’ திட்டத்தில் இடம் கிடைத்தால் பயிற்சியோடு 5,000 டொலர் வரை மானியமும் பெற வழி உண்டு.

தொழில் வளரும்போது முதல் ஆளை எடுப்பீர்கள். மச்சானோ நண்பரோ, கைக்காசு கொடுத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்த அன்று அந்தச் சமாளிப்பு முடிந்துவிடும். ஆள் எடுத்து 10 நாளுக்குள், வேலைத்தள விபத்துக் காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யில் பதிய வேண்டிய தொழில்கள் பல. கட்டட வேலையில் ஆளே வைக்காத தனி ஒப்பந்தக்காரருக்கும் பெரும்பாலும் அது கட்டாயம். சம்பளத்தில் பிடித்த வரி, சி.பி.பி., ஈ.ஐ. என்ற வேலையிழப்புக் காப்புறுதி மூன்றையும் சிறு முதலாளிகள் வழக்கமாக அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். “நீ கொன்ட்ராக்டர்” என்று தாளில் எழுதினால் தப்பலாம் என்று நம்பாதீர்கள். நேரத்தை யார் தீர்மானிக்கிறார், கருவி யாருடையது என்றுதான் திணைக்களம் பார்க்கும்.

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. செலவு எல்லாவற்றையும் எழுதி வருமானத்தை 20,000க்கு இறக்கிக் காட்டியதில் இந்த வருடம் சந்தோஷமாக இருக்கும். அடமானக் கடன் கேட்டுப் போகும்போது சொந்தத் தொழில் செய்பவரிடம் வங்கி வழக்கமாகக் கேட்பது கடைசி இரண்டு வருட வரி மதிப்பீட்டுத் தாள்களை. அந்த 20,000ஐ வைத்துத்தான் கடனைத் தீர்மானிப்பார்கள். வாங்க நினைக்கும் காலத்துக்கு இரண்டு வருடம் முன்பே கணக்காளரோடு இதைக் கதைத்து வையுங்கள். வருமான வரிப் படிவத்துக்கு ஜூன் 15 வரை நேரம் உண்டு, கட்டவேண்டிய காசுக்கு ஏப்ரல் 30தான் கடைசி; மே மாதத்திலிருந்தே வட்டி ஓடும்.