சோற்றுக்குப் பிறகு இனிப்பு கேட்கிற நாக்கை என்ன செய்யலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பன்னிரண்டு வருஷமாக மத்தியானச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். "போதும்கா, வயிறு நிறைஞ்சிருச்சு" என்று பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்தவர், காசு கொடுக்க வரும்போது கேசரித் தட்டைப் பார்த்துவிட்டால் நின்றுவிடுவார்.

வயிறு நிறைந்தது பொய்யில்லை. உப்பும் காரமும் நாக்குக்குச் சலித்துவிட்டன, இனிப்பு சலிக்கவில்லை. பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 1980களின் தொடக்கத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்தது. தின்ற பண்டத்தின் மேல்தான் ஆசை அதிகம் குறைகிறதாம், தின்னாததன் மேல் அவ்வளவு குறைவதில்லையாம். மீதி, பழக்கம். தினமும் சோற்றுக்குப் பின்னால் இனிப்பைக் கொடுத்தால் நாளைக்கும் அதே நேரத்துக்குக் கேட்கும்.

அதனால் நான் முதலில் மாற்றியது கடைசிக் கவளத்தை. குழம்போடு முடிக்காமல் ரசமோ மோரோ ஊற்றி முடிக்கிறேன். பாதி நாள் ஆசை அங்கேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் இருபது நிமிஷம் பாத்திரம் கழுவுவேன், இல்லையென்றால் பசார் (சந்தை) வரை நடந்துவிட்டு வருவேன். சாப்பிட்டபின் நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவதும் மட்டுப்படும். அப்புறமும் கேட்டால் ஒரு பிசாங் மாஸ். சின்ன வாழைப்பழம், ஒன்றோடு சரி.

உண்மையான வில்லன் கேசரி இல்லை, தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றிய பால் தேநீர். அதில் ஊற்றும் டின் பாலில் (கண்டென்ஸ்டு மில்க்) ஏறக்குறைய பாதி சீனிதான். ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிச் சீனிக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரிய கிளாஸில் இரண்டு குடித்தால் கணக்கு தாண்டிவிடும். 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்றாலும் டின் பால் விழத்தான் செய்யும். பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்' என்று கேளுங்கள். பால் வேண்டுமென்றால், சீனி சேர்க்காத பால் ஊற்றிய 'தே சி கோசோங்'. முதல் வாரம் கஷாயம் மாதிரி இருக்கும்.

அப்பா கோப்பியில் மூன்று கரண்டி போடுவார். விடியுமுன் ரப்பர் மரம் வெட்டப் போய், ரப்பர் பால் வாளியைத் தூக்கி நடந்த உடம்பு அது. நான் அடுப்படியில் நிற்கிறவள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. போன வருஷம் கிளினிக்கில் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் கவனம். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்குக் கை நடுங்கி வியர்த்தால், அது நாக்கின் ஆசை இல்லை, சீனி இறங்குகிறது. அப்போது யோசிக்காமல் சீனித்தண்ணீர் குடிக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் மட்டும், இலை ஓரத்து இனிப்பை முதலிலேயே தின்றுவிடுகிறேன். பாயச வாளி வரும்போது இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவேன். வாளி தூக்கும் பையன் நம்புவதில்லை. "சும்மா இருங்க அத்தை" என்று விரலிடுக்கில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் நகர்வான்.