லூபஸ் உள்ள பெண்கள் இதயத்தைக் கவனித்துக்கொள்வது எப்படி?

நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய் என்றதும் மூட்டுவலி, கன்னத்துச் சிவப்பு, முடி உதிர்தல், சிறுநீரகம் என்றே பேச்சு போகிறது. இதயம் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. 1997இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், 35 முதல் 44 வயது வரையுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதே வயதுடைய பிற பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். பிந்தைய ஆய்வுகளில் இந்த மடங்கு குறைந்திருந்தாலும், ஆபத்து கூடுதல் என்பதில் மாற்றமில்லை. ஓயாத அழற்சி இரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது. நோயை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் ஏற்றிவிடுகிறது. சிறுநீரகம் பழுதானால் அழுத்தம் இன்னும் கூடுகிறது.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இதயத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். முதல் பக்கத்தில் இடுப்புச் சுற்றளவை எழுதுங்கள். சேலைக் கொசுவத்தின் மேல் அளந்தால் கணக்குத் தப்பிவிடும். தையல் டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே வெறும் தோலில் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் பார்க்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது ஏறக்குறைய முப்பத்தொன்றரை அங்குலம், எச்சரிக்கைக் கோடு.

சர்க்கரைப் பரிசோதனையில் பலர் ஏமாறுவது ஓரிடத்தில்தான். காலையில் விழுங்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும் என்பதால், வெறும் வயிற்றில் எடுத்த முடிவு நல்லபடியாகத் தெரியும். ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றையும் அதே நோட்டில் தேதியுடன் குறித்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் நீட்டுங்கள். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 150க்கு மேலும், நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 50க்குக் கீழும் இருந்தால், வாய்விட்டுக் கேளுங்கள்.

ஸ்டீராய்டு காலத்தில் எடுக்கும் பசி வயிற்றின் பசியன்று, மாத்திரையின் பசி. இரவுக் கடையில் பரோட்டாவும் சால்னாவும் மணக்கும் மதுரையில் அதை எதிர்ப்பது லேசான காரியமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் சேர்ந்து உப்பை எங்கோ கொண்டுபோய்விடும் என்பதால், இவற்றைத் தினசரித் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, சோற்றைக் குறைத்துக் காயையும் பயறையும் கூட்டுங்கள்.

நடைப்பயிற்சி அவசியம், ஆனால் வெயில் லூபஸைக் கிளறிவிடும். வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றுவதானால் விடியுமுன் சுற்றி முடித்துவிடுங்கள். மாலையானால் பொழுது சாய்ந்த பிறகு கிளம்புங்கள்.

மாத்திரைகளில் ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்தாதீர்கள். நோயை அடக்குவதோடு, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் இரத்தம் உறைவதற்கும் எதிராக அது துணை நிற்கிறது. அதற்குரிய கண் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஸ்டீராய்டைத் திடீரென்று விடுவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார், நாளொன்றுக்கு 5 மி.கி. அல்லது அதற்கும் கீழே கொண்டுவருவதே இலக்கு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்தே கெடுக்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுவோர், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் எடுத்துவந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். தாடையிலோ முதுகிலோ இழுப்பு, படியேறும்போது புதிதாக வந்த மூச்சுவாங்கல், காரணமில்லாத வியர்வை, அசதி ஆகியவற்றை வாயு என்று தள்ளிவிடாமல் 108ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் வயதைப் பார்த்து அலட்சியப்படுத்தினால், "எனக்கு லூபஸ் இருக்கிறது, ஸ்டீராய்டு எடுக்கிறேன், ஈசிஜியும், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் பாருங்கள்" என்று சொல்லி நோட்டைக் கையில் கொடுங்கள்.