பெட்ரோல் எஞ்சின் பிளேனுக்கு எந்த டியூப்?

டேங்குக்குள் இருக்கும் ஒரு சாண் டியூபால் ஒரு ரிமோட் கன்ட்ரோல் பிளேனை இழந்தவன் நான். 20 சிசி பெட்ரோல் எஞ்சின், ஆறடி இறக்கை, மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஒட்டியது. டேங்க் நிறைய இருக்கும்வரை அருமையாகப் பறந்தது. பாதி காலியானதும், இறங்குவதற்குத் திரும்பும் இடத்தில் எஞ்சின் படக்கென்று நின்றது. நேராகத் தென்னந்தோப்புக்குள் போய் விழுந்தது.

பட்டறைக்குக் கொண்டுவந்து டேங்கைக் கழற்றினால் விஷயம் அங்கே இருந்தது. நான்கு மாதம் முன்பு போட்ட மஞ்சள் டியூப், விற்கும்போது எப்படிச் சுருளாக இருந்ததோ அதே வளைவில் விறைத்துப்போயிருந்தது. நுனியில் கிளங்க் (எரிபொருள் இருக்கும் பக்கம் சாய்ந்து உறிஞ்சும் கனமான முனை) தொங்கவில்லை, மேலே பார்த்து நின்றது. பாதி டேங்கில் அது உறிஞ்சியது வெறும் காற்றை. பேர் எதுவும் அச்சடிக்காத டியூப் அது. மஞ்சளாக இருந்தது, பெட்ரோல் டியூப் என்று கடையில் சொன்னார்கள், வாங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு டியூப் விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கு. கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பதால் வெர்னியரும் சின்னத் தராசும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் சிலிக்கான். மெத்தனாலில் ஓடும் கிளோ எஞ்சினிலிருந்து பெட்ரோலுக்கு மாறும் எல்லோரும் செய்யும் தப்பு, பெட்டியில் மிச்சமிருக்கும் சிலிக்கான் டியூபையே மாட்டுவது. மெத்தனாலுக்கு அது தங்கம். பெட்ரோலில் ஊறி உப்பி, கொழகொழவென்று ஆகி, டியூப் மாட்டும் குழாய் முனையான நிப்பிளிலிருந்து தானாகக் கழன்றுவிடும். மீன் தொட்டி டியூப், குளுக்கோஸ் ஏற்றும் டியூப் எல்லாம் பிவிசி. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளைப் பெட்ரோல் கரைத்து எடுத்துவிடும்; பெட்ரோல் காய்ந்ததும் டியூப் குச்சியாகிவிடும். டேங்கோடு வரும் ரப்பர் கார்க்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளோவுக்கான கார்க் என்றால் அதையும் பெட்ரோல் தின்னும். பெட்ரோலுக்கென்று தனியாக விற்கிறார்கள், மாற்றிவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது? டேங்குக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வெளியே இருக்கும் டியூப் ஆட வேண்டியதில்லை. உள்ளே என்ன ஓடுகிறது, குமிழி வருகிறதா என்று பார்க்க முடிந்தால் போதும். அதற்கு மஞ்சள் நிறக் கண்ணாடி மாதிரி இருக்கும் டைகான் எஃப்-4040-ஏ என்ற டியூப் நல்லது. இது பெட்ரோலுக்கென்றே செய்தது. பக்கவாட்டில் பெயரும் எண்ணும் அச்சாகியிருக்கும். இதுவும் நாளாக நாளாகக் கெட்டியாகத்தான் செய்யும், ஆனால் வெளியே கெட்டியானால் பெரிய மோசமில்லை.

டேங்குக்கு உள்ளே கதை வேறு. கிளங்க் டியூபுக்கு உள்ளும் புறமும் பெட்ரோல். அத்தனையும் தாங்கிக்கொண்டு பிளேன் கவிழ்ந்தால் கவிழ வேண்டும், நிமிர்ந்தால் நிமிர வேண்டும். இங்கே நான் வைட்டான் என்ற ரப்பர் டியூப் தவிர இப்போது வேறு போடுவதில்லை. கறுப்பாக இருக்கும், உள்ளே தெரியாது, விலை அதிகம். ஆனால் பெட்ரோலில் வருடக்கணக்கில் கிடந்தாலும் மண்புழு மாதிரி வளைந்துகொடுக்கும். இதை அப்படியே கிளோ எஞ்சினுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், சாதாரண வைட்டானுக்கு மெத்தனால் ஆகாது. அசிட்டோன் விட்டுத் துடைக்கவும் கூடாது.

கறுப்பாக இருப்பதெல்லாம் வைட்டான் இல்லை என்பதுதான் இதில் தொல்லை. பைக்குக்கு விற்கும் நைட்ரைல் ரப்பர் டியூபும் கறுப்புதான். எடை போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வைட்டான் கனமான ரப்பர், ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 1.8 கிராம். நைட்ரைல் 1.2 பக்கம். வெளிவிட்டம் 6 மி.மீ., உள்விட்டம் 3 மி.மீ. உள்ள டியூபை 30 சென்டிமீட்டர் வெட்டி நகைத் தராசில் வைத்தால் வைட்டான் 11 கிராமுக்கு மேல் காட்டும். நைட்ரைல் 8 கிராம் பக்கத்தில் நிற்கும். உங்கள் டியூப் வேறு அளவென்றால் வெளிவிட்டத்தின் வர்க்கத்திலிருந்து உள்விட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து, 0.785-ஆலும் நீளத்தாலும் பெருக்கினால் கன அளவு வந்துவிடும். எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் போடுங்கள். கொளுத்திப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வைட்டான் எரிந்தால் வருவது விஷப்புகை.

வைட்டான் கிடைக்காவிட்டால் பிரஷ் கட்டர் பார்ட்ஸ் விற்கும் கடையில் அதன் டேங்க் டியூபைக் கேளுங்கள். தோப்பில் புல் வெட்டும் அந்த மெஷினிலும் நம் எஞ்சினில் இருக்கும் வால்ப்ரோ கம்பெனி கார்புரேட்டர் மாதிரி டயஃப்ரம் கார்புரேட்டர்தான், டேங்குக்குள் கிளங்க்தான். நான் ஒரு வருடம் அதில் ஓட்டியிருக்கிறேன். ஆனால் எதை வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் ஊறப்போடுங்கள்.

ஊறப்போடுவது இப்படி. 5 சென்டிமீட்டர் துண்டு வெட்டி வெர்னியரில் நீளத்தையும் வெளிவிட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டும் அதே பெட்ரோல், அதே ஆயில் கலவை, தகர மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் ஒரு வாரம். பாட்டில் வீட்டுக்குள் வேண்டாம், அடுப்புப் பக்கமே வேண்டாம். எடுத்ததும் அளந்து பாருங்கள்: நிறைய உப்பியிருந்தால் அங்கேயே தூக்கிப்போடலாம். உப்பவில்லை என்றாலும் அவசரப்படாமல் இரண்டு நாள் காற்றில் காயவிடுங்கள். பிவிசி வகையறா ஊறியிருக்கும்போது சாதுவாகத்தான் இருக்கும், காய்ந்த பிறகுதான் சுயரூபம் காட்டும். விரலில் சுற்றிப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலோ நீளம் குறைந்திருந்தாலோ டேங்குக்குள் போகத் தகுதியில்லை.

அதே பெட்ரோல் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் பெட்ரோல் பங்குகளில் 2022 வாக்கில் 10 சதவீதம் இருந்த எத்தனால் இப்போது 20 சதவீதம். பழைய அனுபவத்தை வைத்து 'இந்த டியூப் இத்தனை வருடம் தாங்கும்' என்று சொல்லும் கணக்கு இதற்குப் பொருந்தாது. அமெரிக்காவில் சாதாரணமாக விற்பது 10 சதவீதம் வரை கலந்தது. அங்கே ஓட்டுபவர்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அளவு பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 20-லிருந்து 60 சிசி வரை 1/8 அங்குல உள்விட்டம் போடுகிறேன். 10, 15 சிசி சின்ன எஞ்சினுக்கு 3/32. நிப்பிளில் சும்மா நழுவிப் போனால் டியூப் பெரிது. கொஞ்சம் மல்லுக்கட்டித்தான் ஏற வேண்டும். நுனியில் ஒரு சொட்டு 2டி ஆயில் தடவினால் ஏறிவிடும், லைட்டர் காட்டாதீர்கள்.

பெட்ரோல் கார்புரேட்டர் எரிபொருளைத் தானே உறிஞ்சும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மாட்டுங்கள். கிளோவில் சைலன்சர் அழுத்தம் டேங்கைத் தள்ளும், டியூபில் ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகும், கண்ணில் படும். இங்கே ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். எஞ்சின் லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடி, ஓடிச் சூடேறும், ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நாம் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருகிக்கொண்டே கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அதனால் டேங்கில் இருக்கும் பித்தளைக் குழாய்களின் நுனியில் மெல்லிய செம்புக் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி ஈயம் வைத்து மேடாக்குகிறேன். டியூப் ஏறிய பிறகு அந்த மேட்டுக்குப் பின்னால் சின்ன கேபிள் டை. டேங்குக்குள்ளும் அதே மாதிரிதான், கிளங்க் பக்கமும் சேர்த்து. கிளங்க் டேங்கின் பின்சுவரில் உரசாமல் ஒரு விரல் கனம் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். டேங்கைக் கையில் எடுத்துக் கவிழ்த்து, நிமிர்த்தி, சாய்த்துப் பாருங்கள். கிளங்க் எல்லா மூலைக்கும் தடதடவென்று ஓட வேண்டும்.

மூடியபின் காற்றுப் போகும் வென்ட் டியூபையும் நிரப்பும் டியூபையும் அடைத்துவிட்டு, டேங்கை வாளித் தண்ணீரில் அமுக்கி, கார்புரேட்டர் டியூபில் மருந்து ஊசிக் குழலை வைத்து மெல்லக் காற்று ஏற்றுங்கள். குமிழி வரும் இடம் ஓட்டை. பஞ்சர் கடை வைத்தியம்தான், ஆனால் ஏமாற்றாது. தண்ணீரை வடித்து நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

டியூபை சைலன்சருக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் மாட்டும் முன்பலகையான பயர்வாலில் டியூப் நுழையும் துளையின் பிளைவுட் விளிம்பு அதைவிட மோசம்; ஒற்றை சிலிண்டர் அதிர்வில் ஒரே சீசனில் டியூபை அறுத்துவிடும், ரப்பர் புஷ் ஒன்று போட்டுவிடுங்கள்.

வெளி டியூபை ஒவ்வொரு பொங்கலுக்கும் மாற்றுகிறேன். உள்ளே இருக்கும் வைட்டானை அப்போது வெளியே எடுத்து, காயவிட்டு, விரலில் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிறேன். டேங்கின் மேல் மார்க்கரில் தேதி எழுதிவிடுவேன். மிச்சமாகும் டியூபைச் சுருட்டி வைப்பதில்லை. வெயில் படாத மூலையில் ஒரு பிளம்பிங் பைப்புக்குள் நேராகச் செருகி வைத்திருக்கிறேன்.