தண்ணிக்குள் ஜால்ரா

கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் என் முதல் ஆல்பத்தைப் போட்ட மூன்றாம் நாள், வாங்கிய ஒருவரிடமிருந்து செய்தி: "ஜால்ரா தண்ணிக்குள்ள அடிக்கிற மாதிரி கேக்குதே?" அவருடைய ஸ்பீக்கர் கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவர் இறக்கியிருந்தது ஃபிளாக், அதாவது ஒலியை இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை. தரம் குறையவே கூடாது.

கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் நறுக்கியது போல இருட்டு; உச்ச ஒலிகளே இல்லை. அப்போதுதான் உறைத்தது. அந்தத் தளம் வேவ், ஏஐஎஃப்எஃப், ஃபிளாக் என்ற ஒலி இழக்காத கோப்புகளை மட்டுமே ஏற்கும் என்பதால், நண்பர்களுக்கு அனுப்ப வைத்திருந்த ஒலியில் ஒரு பகுதியை வெட்டிச் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3-ஐயே வேவாக மாற்றி ஏற்றியிருக்கிறேன்! அப்படி மாற்றினால் கோப்புதான் பெரிதாகும், போன ஒலி திரும்பாது.

சரி என்று பழைய மிக்ஸிங் ப்ராஜெக்ட்டுகளைத் தோண்டியெடுத்து, 24 பிட் வேவாக மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன். ஆல்பத்தை அழித்துப் புதிதாகப் போடாமல், இருந்த பாடல்களிலேயே ஆடியோவை மட்டும் மாற்றினேன். அப்படிச் செய்தால் ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி காசு கொடுக்காமல் தங்கள் கலெக்ஷனிலிருந்தே திரும்ப இறக்கிக்கொள்ளலாம். ஒரு பாட்டின் ப்ராஜெக்ட் மட்டும் கிடைக்கவேயில்லை. அதைத் திரும்பப் பாடித்தான் பதிந்தேன். (பழையதைவிட நன்றாகவே வந்தது என்பது வேறு கதை.)

அப்புறம் வாங்கிய எல்லோருக்கும் நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். முதலில் சொன்னவரிடமிருந்து ஒரே வரியில் பதில்: "ஜால்ரா கரையேறிடுச்சு."