பாதி முடிந்த கைவேலையைத் தோழிகளுக்குக் காட்டும்போது

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவோ, காகிதச் சுருள்களால் செய்யும் க்வில்லிங்கோ, லினோலியம் பலகையைச் செதுக்கி மை பூசி எடுக்கும் லினோ அச்சோ, முழுதும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாதியில் காட்டினால்தான் பிரிக்கவும் திருத்தவும் நேரம் இருக்கும்.

படத்தைக் காலையில் ஜன்னல் ஓரமாக வைத்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நூலின் நிறமே மாறிவிடும். பக்கத்தில் ஒரு 10 ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ. என்பதால் அளவு சட்டென்று புரியும்.

குரோஷா என்றால் நூல்கண்டின் லேபிளும் படத்தில் வரட்டும். நடுவில் நூல் தீர்ந்துபோனால், அதே சாய லாட் எண்ணில் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்கு லேபிளில் போடும் எண்) வாங்கினால்தான் நிறம் ஒத்துப்போகும். ஊசியின் தடிமன் எத்தனை மி.மீ. என்பதையும் எழுதிவிடுங்கள்.

லினோவில் செதுக்கிய பலகையை மட்டும் அனுப்பினால் போதாது. அதில் எல்லாம் இடவலம் மாறியிருக்கும், எழுத்துப்பிழைகூடக் கண்ணில் படாது. கொஞ்சம் செதுக்கியதும் மெல்லிய தாளில் ஒரு சோதனை அச்சு எடுத்து, ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதி, அதை அனுப்புங்கள். செதுக்கி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. தோழியின் கண் மிகவும் உதவுவது இங்கேதான்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமென்டாக அனுப்புங்கள். தரம் குறையாமல் போகும், தையல்களை எண்ணிக்கூடப் பார்க்கலாம்.