இசை விழாத் திடலில் ஓர் ஓலைத் திண்ணை அமைப்பது எப்படி?

எங்கள் ஊர்க் கோவில் திடலில் தை மாதம் நடைபெறும் மூன்று நாள் இசை விழாவில், வந்தவர்கள் சிறிது நேரம் அமர்ந்து பனையோலை முடைந்துவிட்டுப் போவதற்கென ஓர் இடத்தை இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பந்தலும் அனுமதியும் விழாக் குழுவின் பொறுப்பு என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

முதலில் இடம். பாட்டு காதில் விழ வேண்டும். ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேசவும் முடிய வேண்டும். ஆகவே ஒலிபெருக்கிகளின் முகம் படாத பக்கவாட்டு நிழலைத் தேர்ந்தெடுங்கள். வீணைக் கச்சேரியின்போது பொருத்தமாகத் தோன்றும் இடம் தவில் முழங்கும் இரவில் உதவாமல் போகலாம் என்பதால், நாகசுரமும் தவிலும் ஒலிக்கும்போதே அங்கு ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது. கோரைப் பாய்களை விரித்து, ஒரு பாய்க்கு ஆறு பேருக்கு மேல் சேராமல் வட்டமாக அமரச் செய்யுங்கள். கால் மடக்க இயலாத முதியவர்களுக்கு முக்காலிகளை வட்டத்துக்குள்ளேயே போடுங்கள். ஓரத்தில் போட்டால் அவர்கள் பார்வையாளர்களாகவே நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது ஓலை. முற்றிய சாரோலை தொடக்கநிலையினரின் விரல்களுக்குக் கடினமானது; வெயிலில் உலர்த்தி வெளுத்த குருத்தோலையே ஏற்றது. மரம் ஏறுபவரிடம் சொல்லும்போது, ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் வெட்ட வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள், ஏனெனில் மரத்தின் அடுத்த இலை அந்தக் குருத்துதான். ஈர்க்கை நீக்கிவிட்டு, ஒரு சென்டிமீட்டர் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள பட்டைகளாக வீட்டிலேயே கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்; குழந்தைகள் அமரும் இடத்தில் கத்தி இருக்கக் கூடாது. ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு பட்டைகள் என்று கணக்கிட்டால், நூறு பேருக்கு ஆயிரத்து இருநூறு வேண்டும்.

நான் தடுமாறியது இதற்கு அடுத்த படியில்தான். முதல் நாள் பட்டைகளை உலர்ந்த நிலையிலேயே எடுத்துச் சென்றேன். நண்பகலுக்குள் அவை மடிக்கும் இடத்திலெல்லாம் முறிந்தன. அதற்குப் பயந்து அன்றிரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டேன். மறுநாள் காலையில் ஓலை துணியைப் போல வளைந்தது, எல்லோரும் மகிழ்ச்சியோடு முடைந்தார்கள். ஆனால் நீரில் உப்பிய பட்டைகள் காய்ந்ததும் சுருங்கிவிட்டதால், மாலைக்குள் ஒவ்வொரு பின்னலிலும் கண் கண்ணாக இடைவெளி விழுந்து, ஒரு சிறுமி தான் முடைந்த டம்ளர் தட்டி கையிலேயே குலைவதைக் கொண்டுவந்து காட்டினாள். ஓலைக்கு வேண்டியது ஈரம் அன்று, பதம். கால் மணி நேரம் மட்டும் நனைத்து, நீரை வடித்து, ஈரப் பருத்தித் துண்டில் ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள். விரலில் சுற்றினால் முறியாமலும், தொட்டால் கையில் நீர் ஒட்டாமலும் இருப்பதே சரியான பதம். பிளாஸ்டிக் பையில் மூடி வைப்பதை நான் ஏற்பதில்லை. மறுநாளே பூசணம் பிடித்துக் கரும்புள்ளி விழுகிறது.

செய்ய வைக்கும் பொருள் எளிதாக இருக்கட்டும். ஆறு பட்டைகளை நெடுக்கில் அடுக்கி, ஆறு பட்டைகளைக் குறுக்கே ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகக் கோத்தால் டம்ளர் வைக்கும் சிறு தட்டி கிடைக்கும். மூலைகள் நழுவாமல் இருக்க, துணி காயப்போடும் மரக் கிளிப்புகள் போதும். விளிம்பில், கடைசிக் குறுக்குப் பட்டைக்கு மேலே வரும் முனையை அடிப்பக்கமாக மடித்து அடிப் பின்னலிலும், கீழே வரும் முனையை மேற்பக்கமாக மடித்து மேற் பின்னலிலும் செருக வேண்டும். பசை வேண்டவே வேண்டாம்.

முடையத் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பது இன்றியமையாதது. எங்கள் பகுதியில் நார்ப்பெட்டி முடையும் ஓர் அம்மா வருகிறார். அவருக்கு ஒரு நாள் கூலியை முழுதாகவும் முன்னதாகவும் கொடுத்துவிடுங்கள். மேடையில் வாசிப்பவருக்குச் சன்மானம் உண்டென்றால் பாயில் அமர்ந்து கற்பிப்பவருக்கும் உண்டு. அவர் வாயால் விளக்குவது குறைவு. எதிரில் அமர்ந்து மெதுவாகச் செய்து காட்டுவார், நாம் பார்த்துச் செய்வோம். ராக ஆலாபனை நடக்கும்போது புதியவர்களைத் தொடங்கச் செய்யுங்கள். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் கைகள் தாளம் போடத் தொடங்கிவிடுவதால் பின்னல் தானாக நின்றுவிடும், அப்போது யாரையும் அவசரப்படுத்த வேண்டாம்.

பிற்சேர்க்கை: குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை செய்யலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். செய்யலாம், உள்ளே போடும் கற்களை மட்டும் ஒரு காகிதப் பொட்டலத்தில் கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். காவிரிக் கரையிலிருந்து எழுதியவர் பனை கிடைக்கவில்லை என்கிறார். தென்னங்கீற்று போதும், அது பச்சையாகவே வளையும் என்பதால் நனைக்க வேண்டியதில்லை, ஆனால் விரைவில் வாடிவிடும், எனவே அன்றன்று காலையில் வெட்டியதையே பயன்படுத்துங்கள்.